பிரிந்த மறுநாள் காலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோப்பிக்கடையில் சனிக்கிழமை தோறும் எங்களுக்குள் இதே வாக்குவாதம். "நாம் சிங்கப்பூர்க்காரர்கள் 1965ல் மலேசியாவை விட்டுப் பிரிந்து வந்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்? அப்படியென்றால் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் சரிதான்" என்கிறார் நண்பர். எனக்கு அது ஏதோ உதைக்கிறது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாடு இப்படிப் பெரிய கூட்டமைப்பை விட்டு வெளியே வரலாமா? (யீஷூன் வாசகர்)

பதில்: வரலாம். ஆனால் எதற்காக வருகிறோம், வந்த மறுநாள் காலையில் என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டுக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். நமக்கு இருந்தது, பிரிட்டனுக்கு இல்லை. இதை உங்கள் நண்பரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் நம் கதை. நாம் "போகிறோம்" என்று ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்கள் இல்லை. 1962 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பே எப்படிச் சேர்வது என்பதைப் பற்றித்தான், சேர வேண்டாம் என்று குறியிட அதில் இடமே கிடையாது. 1963 செப்டம்பர் 16ல் மலேசியா உருவானது, இரண்டு ஆண்டுகூட முழுதாகத் தாங்கவில்லை. பொதுச் சந்தை வரும், இங்கே செய்த பொருளை அங்கே வரியில்லாமல் விற்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், அது வரவே இல்லை. ஆனாலும் அதற்காக மட்டும் யாரும் வீட்டை விட்டுப் போயிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். 1964ல் இரண்டு முறை இனக்கலவரம் நடந்தது. எல்லா இனத்துக்கும் சமமான இடம் உண்டா என்ற கேள்விக்கு உள்ளே இருந்துகொண்டு பதில் வாங்க வழியில்லை. 'துரத்திவிட்டார்கள்' என்று நாம் சொல்லிக்கொண்டாலும், நம் நிதியமைச்சர் கோ கெங் சுவீ கோலாலம்பூரில் மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கோடு உட்கார்ந்து பேசித்தான் பிரிவு முடிவானது. அந்தப் பேச்சில் ஒரு காரியம் செய்தார்கள், அதை நாம் போதுமான அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. ஜோகூரிலிருந்து நமக்குத் தண்ணீர் தரும் 1961, 1962 ஒப்பந்தங்களுக்கு மலேசிய அரசே உத்தரவாதம் என்று பிரிவினை உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். பிரிந்த மறுநாள், ஆகஸ்ட் 10ஆம் தேதி காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டுமே, அந்தக் கவலை அவர்களுக்கு இருந்தது.

இப்போது பிரிட்டனைப் பாருங்கள். 2016 ஜூன் 23ல் ஒரே கேள்வி: ஒன்றியத்தில் இருப்பதா, போவதா. 100க்கு 51.9 பேர் போகலாம் என்றார்கள், 48.1 பேர் இருக்கலாம் என்றார்கள். போவதென்றால் எப்படி? நார்வே மாதிரி வெளியே இருந்துகொண்டே ஒன்றியத்தின் பொது விதிகளை ஏற்கும் ஒற்றைச் சந்தைக்குள் இருப்பதா, உறுப்பு நாடுகளுக்குள் சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்தை மட்டும் வைத்துக்கொள்வதா, முழுக்க வெட்டிக்கொள்வதா? இதை வாக்குச்சீட்டில் யாரும் கேட்கவில்லை. அதனால் வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் உண்மையான சண்டையே ஆரம்பித்தது. 2020 ஜனவரி 31ல் வெளியேறினார்கள், வர்த்தக உடன்பாடு அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் முடிவானது, பழைய ஏற்பாடு காலாவதியாக அப்போது ஒரு வாரம்தான் பாக்கி. ஒரு வாரத்தில் ஒரு சின்ன ஏற்றுமதிக்காரர் எந்தப் படிவத்தைப் படித்து எதை நிரப்புவார்? 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநரின் சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்து, ரொட்டிக்கு நடுவே இறைச்சி இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள், தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இறைச்சி வேண்டாம், ரொட்டியை மட்டுமாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்கிறார், அதுவும் கூடாது என்கிறார்கள். சட்டப்படி அது சரிதான், வெளிநாட்டு இறைச்சிக்கு அதுதான் விதி. முந்தின மாதம்வரை பிரிட்டனிலிருந்து வருவது வெளிநாட்டு இறைச்சி இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு. என் அத்தை ஜோகூர் பாருவில் வாழ்க்கைப்பட்டவர். அப்பா வேலை முடிந்து பஸ் ஏறி, கடற்பாலத்தைத் தாண்டி, அத்தை கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு ராத்திரியே திரும்பிவிடுவாராம். 1967ல் கடப்பிதழ் கட்டாயமானது. அவருடைய பழைய கடப்பிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் ஜோகூர் முத்திரைதான், வேறு எந்த ஊரும் அதில் கிடையாது. ஒரு நல்லது கெட்டதுக்குப் போய்வர அத்தனை முத்திரை. பிரிவு சரியா தப்பா என்று நாடு கணக்குப் பார்க்கும்போது இந்த முத்திரைகளும் அதில் சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பிரிட்டனுக்கு இந்த விலை கொடுக்கும் அளவுக்கு என்ன நெருக்கடி இருந்தது? பவுண்டு அவர்களிடமே இருந்தது, எல்லையில் கடப்பிதழ் சோதனை இல்லாத ஷெங்கன் ஏற்பாட்டில் அவர்கள் சேரவே இல்லை, கட்டும் பணத்தில் ஒரு பங்கை 1984ல் பேசித் திரும்ப வாங்க வழி செய்திருந்தார்கள். அதற்காக வெளியேற வாக்களித்தவர்களை முட்டாள்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊரில் 100க்கு 75 பேருக்கு மேல் போகலாம் என்றார்கள். காய்கறிப் பண்ணை வேலைக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து ஊரே சில ஆண்டுகளில் மாறியது, வாடகை, பள்ளி, மருத்துவர் எல்லாவற்றுக்கும் நெருக்கடி. அவர்கள் வேதனை நிஜம். ஆனால் வீடு கட்டுவதும் மருத்துவரை அமர்த்துவதும் லண்டன் செய்ய வேண்டிய வேலை, ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸைக் கேட்க வேண்டியதே இல்லை. குடியேற்றம் குறையும் என்று நம்பி வாக்களித்தார்கள், வெளியேறிய பிறகு 2023ல் அது அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் உற்பத்தித்திறனைவிட நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறையும் என்பது அந்த நாட்டின் வரவுசெலவுக் கண்காணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. ஊதியம், வரி, மருத்துவமனை எல்லாமே அதிலிருந்துதான் வர வேண்டும். அதனால் என்னைக் கேட்டால், அது தவறான முடிவு. உங்கள் நண்பர் கோபித்துக்கொண்டால் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள், என் கணக்கில்.

கேள்வி: என் மகள் சிங்கப்பூர்க் கடப்பிதழோடு லெஸ்டரில் இருக்கிறாள். 2016ல் தானும் வாக்களித்ததாகச் சொல்கிறாள். வெளிநாட்டுப் பெண்ணுக்கு எப்படி வாக்குரிமை? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். காமன்வெல்த் நாட்டவர் முறையான அனுமதியோடு பிரிட்டனில் வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம், அதே பட்டியல்தான் அந்த வாக்கெடுப்புக்கும். சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை எல்லோரும் இதில் வருவார்கள். அதே ஊரில் இருபது வருடம் வரி கட்டிய ஒரு ஜெர்மன்காரருக்கோ போலந்துக்காரருக்கோ வாக்கு இல்லை, அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவருக்கு மட்டும் உண்டு. யாருடைய வாழ்க்கை அடியோடு மாறப்போகிறதோ அவரைக் கேட்காமல் முடிவெடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அங்கே வாழும் நம்மவர்களிலும் நிறையப் பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். ஐரோப்பியர் வருவது நின்றால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கூப்பிடுவது எளிதாகும் என்று வெளியேற்றத்தை ஆதரித்தவர்கள் கறி உணவகக்காரர்களிடம் பிரசாரம் செய்தார்கள். பின்னாளில் அந்தத் தொழிலில் இருந்தவர்களே ஏமாற்றம் என்று வெளிப்படையாகப் பேசினார்கள்.

கேள்வி: ராணுவம் ஆட்சியைப் பிடித்த மியன்மார் விஷயத்தில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் ஏன் அதில் இருக்க வேண்டும்? (ஜூரோங் வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஆசியான் வேறு வகை. அதற்குப் பொது நாணயம் கிடையாது, நம் சட்டத்தை மீறி நிற்கும் நீதிமன்றம் கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். அதனால்தான் மெதுவாக நகர்கிறது, அதனால்தான் வெளியே வந்தாலும் நமக்குத் திரும்பக் கிடைக்கும் அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இழப்பது மட்டும் உண்டு.

2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கிறதா? நாம் இறக்குமதி செய்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தேக்கா சந்தையில் நான் எப்போதும் வாங்கும் கடைக்காரர் வெட்டுப்பலகையைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டு, "அக்கா, உறைந்த கோழி வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன்" என்றார். அக்கம்பக்கத்து நாடுகளோடு உட்கார்ந்து பேச ஒரு மேசை இருக்கும்போதே இப்படி. 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு இரு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. பொருளும் ஆளும் எளிதாகப் போய்வர வேண்டும் என்பதுதான் அதில் பேச்சு. 1963ல் கேட்ட பொதுச் சந்தையில் ஒரு துண்டையாவது இப்போது கட்டப் பார்க்கிறார்கள், 60 வருடம் கழித்து.