ஏ ஸ்ட்ரிங்கும் பீரோ கைப்பிடியும் (வாசகர் கேள்வி பதில்)

வீட்ல கிடார் ரெக்கார்ட் பண்ணிப் பாத்தவங்க எழுதுங்கன்னு போன மாசம் ஒரு வரி போட்டிருந்தேன், கட்டுக்கட்டா வந்திருக்கு. பாதிப் பேரோட புலம்பல் ஒண்ணுதான், "வாசிக்கிறப்ப நல்லாருக்கு, போட்டுக் கேட்டா நம்ம கிடாரான்னு சந்தேகமா இருக்கு". அதுலேருந்தே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: சார், ரெண்டு வருஷமா அக்கூஸ்டிக் கிடார் வாசிக்கிறேன். இப்பதான் மைக்க கம்ப்யூட்டரோட இணைக்குற ஒரு சின்ன இன்டர்ஃபேஸும் கண்டென்சர் மைக்கும் வாங்கி பெட்ரூம்ல ரெக்கார்ட் பண்ணேன். நேர்ல கணீர்னு இருக்குற கிடார், ரெக்கார்டிங்ல பானைக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி பொம் பொம்னு வருது. ஏ கார்ட் வந்தா கேக்கவே வேணாம். வேற மைக் வாங்கணுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வாங்காதீங்க. மைக்க எங்க வச்சீங்கன்னு நீங்க எழுதல, ஆனா கிடாரோட வட்ட ஓட்டைக்கு நேராத்தான் வச்சிருப்பீங்க, சத்தம் அங்கேருந்துதானே வருதுன்னு நானும் முதல்ல அப்படித்தான் வச்சேன். அந்த ஓட்டைலேருந்து வர்றதுல பெரும்பங்கு உள்ள இருக்குற காத்தோட முழக்கம், சாதாரண கிடார்ல அது 100 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 100 அதிர்வு) பக்கத்துல நிக்கும், உங்க ஏ ஸ்ட்ரிங்க சும்மா மீட்டினா 110 ஹெர்ட்ஸ், ஆக ரெண்டும் பக்கத்து வீட்டுக்காரங்க. இதுல மூணாவதா உங்க ரூம் வேற சேந்துக்கும். நம்ம ஊர் பெட்ரூம் பத்துக்குப் பத்து, நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், தரையில டைல்ஸ். 10 அடி இடைவெளில சுவருக்கு சுவர் மோதி நிக்குற அலை சுமார் 57 ஹெர்ட்ஸ், அதோட ரெட்டிப்பு 113, 114ன்னு வரும், அதுவும் ஏ ஸ்ட்ரிங் பக்கத்துலயே வந்து உக்காருது பாருங்க. சதுர ரூம்னா நீளவாக்குலயும் அகலவாக்குலயும் அதே கணக்கு, அதனால ரெண்டு மடங்கு கொட்டும்.

செய்ய வேண்டியது, மைக்க 12வது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க ஓடுற கம்பில 12வது) நேரா கொண்டு போங்க, ஒரு சாண்லேருந்து ஒரு அடி தூரம் இருக்கட்டும், மைக்கோட முகம் ஓட்டையப் பாக்காம கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்தப் பாக்கட்டும். சேர ரூம் நடுவுலேயும் போடாதீங்க மூலைலேயும் போடாதீங்க, ஒரு சுவத்துலேருந்து மூணு, மூணரை அடில உக்காந்து பாருங்க. மெத்தையத் தூக்கி சுவத்துல சாச்சு வச்சா, துணி நெறஞ்ச அலமாரியத் தொறந்து விட்டா எதிரொலி கொறையும், ஆனா அதெல்லாம் மேல் சத்தத்தத்தான் குடிக்கும், 110 ஹெர்ட்ஸ ஒண்ணும் பண்ணாது, அதுக்கு இடம் மாறி உக்கார்றதுதான் வழி.

இன்னொண்ணு. ரூம்ல இரும்பு பீரோ இருக்கா? என்னோட முதல் ரெக்கார்டிங்ல ஏ வர்ற எடத்துல எல்லாம் ஜிர்ர்னு ஒரு சத்தம், ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல உரசுற ஃப்ரெட் பஸ்ஸுன்னு நெனச்சு கிடாரத் தூக்கிட்டுப் போயி கழுத்துக்குள்ள இருக்குற ட்ரஸ் ராட் கம்பி எல்லாம் திருகி வாங்கிட்டு வந்தேன், அப்பவும் ஜிர்ர். மூணாம் நாள் எதேச்சையா பீரோ கைப்பிடில கை வச்சப்ப சத்தம் நின்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கைப்பிடில ஒரு கர்ச்சீப் கட்டிதான் இருக்கு, ஏன்னு கேக்குறவங்களுக்கு சொல்லி மாளல.

கேள்வி: ஃபேன ஆஃப் பண்ணா வேர்த்து ஊத்துது, போட்டா உஸ்ஸ்னு பதிவாகுது. அப்பறமா நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எடுத்துடலாம்தானே? (வாசகி, வேலூர்)

பதில்: வேலூர் வெயிலுக்கு உங்க மேல எனக்கு முழு அனுதாபம், ஆனாலும் ஆஃப்தான். அந்த நாய்ஸ் ரிடக்ஷன் ஃபேன் சத்தத்தோட சேத்து ஸ்ட்ரிங் அடங்குற வாலையும் கடிச்சிடும், கார்ட் முடியிற எடத்துல தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஒரு குழகுழப்பு வரும். நாலு நிமிஷப் பாட்டு, ஆஃப் பண்ணி ஒரு டேக், ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் காத்து, ஸ்ட்ரிங்க துணியால தொடச்சு திரும்ப ட்யூன் பண்ணி அடுத்த டேக். விடியக்காலை அஞ்சு மணி நல்ல நேரம், காக்கா எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடணும். குக்கர் விசிலுக்கு மட்டும் என்கிட்ட வழி இல்ல, அம்மாகிட்ட பேசித் தீத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா, ஹெட்ஃபோன்ல தாளத்துக்கு டிக் டிக்னு க்ளிக் போட்டு வாசிக்கிறேன், ஆனா என் கிடார் சத்தமே எனக்கு லேட்டா கேக்குது, டைமிங் போயிடுது. லேப்டாப் பழசு, அதனாலயா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: லேப்டாப்புக்கும் பங்கு உண்டு தம்பி, முதல்ல பஃபர் சைஸப் பாரு, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் (சத்தத்தோட சின்னத் துணுக்கு) சேத்து வச்சு அனுப்புதுங்கிற அளவு. 1024ல இருந்தா, செகண்டுக்கு 44,100 சாம்பிள் எடுக்குற 44.1 கிலோஹெர்ட்ஸ்ல அது 23 மில்லிசெகண்ட், உள்ள போறதுக்கு ஒருவாட்டி வெளிய வர்றதுக்கு ஒருவாட்டின்னு ரெண்டுவாட்டி, ஆக 46. காத்துல சத்தம் போற வேகத்துக்கு அது அம்பது அடி தள்ளி ஆம்ப்ளிஃபையர வச்சுட்டு நீ இங்க உக்காந்து வாசிக்கிறதுக்கு சமம், யாருக்கா இருந்தாலும் தாளம் தப்பும். ரெக்கார்ட் பண்றப்ப 128க்கு இறக்கு, மிக்ஸ் பண்றப்ப திரும்ப ஏத்திக்கோ. 128ல பட்பட்னு வெடிச்சா இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும், அதப் போட்டா சத்தம் கம்ப்யூட்டருக்குள்ள போயி வராம நேரா காதுக்கு வந்துடும். விண்டோஸ்னா இந்தத் தாமதத்தக் கொறைக்குற ஆசியோ (ASIO) ட்ரைவர் சாஃப்ட்வேர் போட்டியான்னும் பாத்துக்கோ. அப்பறம் ப்ளூடூத் ஹெட்ஃபோனா இருந்தா நான் மேல சொன்னது எதுவும் உதவாது, ஒயர் வச்சதா ஒண்ணு வாங்கு.

கேள்வி: எலெக்ட்ரிக் கிடார இன்டர்ஃபேஸ்ல நேரா குத்தினா ஒரே ஹம். கேபிள் மாத்தியாச்சு. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: லேப்டாப் சார்ஜரக் கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க, பாதிப் பேருக்கு அங்கயே தீந்துடும். தீரலன்னா உங்க கிடார்ல சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ மின் சிக்னலா மாத்துற ஒத்தக் கம்பிச் சுருள்) இருக்கலாம், அது கரண்டோட 50 ஹெர்ட்ஸ ஆன்டெனா மாதிரி இழுக்கும், 1955ல கிப்சன் கம்பெனில செத் லவர் ரெண்டு காயில எதிரெதிரா சுத்தி ஹம்பக்கர் பண்ணதே இந்தத் தொல்லைக்குத்தான். மானிட்டர், ட்யூப்லைட் இதுங்கள விட்டுத் தள்ளி உக்காந்து உடம்பக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புங்க, ஒரு திசைல ஹம் நல்லா கொறையும், அங்கயே உக்காந்து வாசிங்க. ஸ்ட்ரிங்கத் தொட்டா ஹம் கொறையிறது சகஜம். ஆனா தொட்டா சுருக்குனு ஷாக் அடிச்சா வாசிக்கிறத நிறுத்திட்டு எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டு எர்த்திங் பாக்கச் சொல்லுங்க, அதுல விளையாட்டு வேணாம்.

கேள்வி: ஒரு ரிதம் ட்ராக்க காப்பி பண்ணி லெஃப்ட்ல ஒண்ணு ரைட்ல ஒண்ணு போட்டேன், ஸ்டீரியோவே ஆகல, சத்தம் மட்டும் கூடுது? (வாசகி, மதுரை)

பதில்: ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம் போனா மூளை அத நடுவுலதான் வைக்கும். ரெண்டாவது தடவ நெசமாவே வாசிங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற அந்தத் துளித் துளி வித்தியாசம்தான் அகலத்தக் குடுக்கும். கை வலிக்கும், வேற வழி இல்ல.

கேள்வி: இதெல்லாம் வாங்கக் காசில்ல சார். ஃபோன்ல பண்ணா கேவலமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: யார் சொன்னா? அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரில நியூஜெர்சில ஒரு வாடகை வீட்டு பெட்ரூம்ல உக்காந்து நாலு ட்ராக் கேசட் மெஷின்ல பேண்டுக்குக் காட்ட டெமோ போட்டாரு, அப்பறம் பேண்டோட வாசிச்சது மனசுக்கு ஒட்டலன்னு அந்தக் கேசட்டயே ஆல்பமா விட்டாங்க, அதுதான் நெப்ராஸ்கா. உங்க ஃபோன் அந்த மெஷின விட சுத்தமாப் பதியும். ஏரோப்ளேன் மோட்ல போட்டு, ரெண்டு அடி தள்ளி ஸ்டூல் மேல மடிச்ச துண்டு, அது மேல ஃபோன், மைக் ஓட்டை கிடாரப் பாக்க. ஓங்கி அடிச்சா ஃபோன் தானா சத்தத்த அமுக்கும், அதனால ஒரே அளவுல வாசிங்க.

கேள்வி: சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டப் போறேன். எத்தனை அட்டை வேணும்? (வாசகர், நாமக்கல்)

பதில்: நாமக்கல்லேருந்து இந்தக் கேள்வி வராம இருந்தாதான் ஆச்சரியம். அந்த அட்டை ரொம்ப மெலிசு, கொஞ்சம் மேல் சத்தத்தக் கொறைக்கும், வெளிச் சத்தம் உள்ள வர்றதையும் தடுக்காது உங்க ரூம் பொம்முன்றதையும் தடுக்காது, தீப்பிடிச்சா பத்திக்கிட்டு எரியும், பல்லி குடும்பத்தோட வந்து தங்கும். கனமான ஜமுக்காளம் ரெண்ட கொடி கட்டித் தொங்க விடுங்க, சுவத்துலேருந்து நாலு இன்ச் தள்ளி.