ஐந்து மாதப் படிப்புக்கு வயலை ஈடு வைக்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த 32 வயதுத் தாதிய உத்தியோகத்தர். வேலையோடு பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் படிப்பைத் தொடர்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் மாணவர் பரிமாற்றத்தின் கீழ், ஏப்ரிலில் தொடங்கும் ஒரு பருவத்தை ஜேர்மனியில் படிக்க இடம் கிடைத்துள்ளது. மாதம் 900 யூரோ வீதம் ஐந்து மாதங்களுக்கு உதவித்தொகையும், பயணத்துக்கு 1,188 யூரோவும் தருவார்கள். பயணத்தொகையும் உதவித்தொகையின் 80 சதவீதமும் அங்கு வங்கிக் கணக்குத் திறந்த பின்னரும், மிகுதி 20 சதவீதம் படிப்பு முடிந்து அறிக்கை கொடுத்த பின்னருமே கிடைக்கும். விமானச்சீட்டுக்கு 2 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். மாணவர் விடுதி வாடகை 340 யூரோ, வைப்புப்பணம் 500 யூரோ. எனக்குச் சம்பளமற்ற விடுமுறையே கிடைத்திருக்கிறது; வீட்டில் அம்மாவும் படிக்கும் தம்பியும் என் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள். வங்கியில் 5 இலட்சம் உண்டு, சீட்டுக்காசு 2 இலட்சம் மாசியில் வரும். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்து 15 இலட்சம் எடுக்கலாம் என்கிறார் அம்மா. ஜேர்மனியிலுள்ள சித்தப்பா உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் வழியாக, காசு அனுப்புவதாகச் சொல்கிறார். எது சரி?

பதில்: வயலைத் தொட வேண்டாம். உங்களுக்கு வரவிருக்கும் பணம் போதுமானது. அது செலவுக்குப் பிந்தி வருவதுதான் சிக்கல். சில வாரங்களுக்கு மட்டுமே தேவைப்படும் தொகைக்காகப் பல ஆண்டுகளுக்கு வட்டி கட்டுவது நியாயமான கணக்கு ஆகாது.

முதலில் அந்த இடைவெளி எவ்வளவு என்று பார்ப்போம். கணக்குக்காக ஒரு யூரோவை 350 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விண்ணப்பிக்கும் நாளின் வீதத்தை நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தங்கலுக்கான தேசிய விசாவின் கட்டணம் 75 யூரோ, அதாவது 26,250 ரூபாய். விமானச்சீட்டு 2,75,000. போய் இறங்கிய முதல் மாதத்துக்கு வைப்புப்பணம், வாடகை, காப்புறுதி, சாப்பாடு, பல்கலைக்கழகம் அறவிடும் சிறு பருவக் கட்டணம் எல்லாமாக 1,250 யூரோ வைத்திருங்கள். அது 4,37,500 ரூபாய். மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 7 இலட்சத்து 40 ஆயிரம்.

இதோடு பலர் கவனிக்கத் தவறும் இரண்டு செலவுகள் உள்ளன. ஒன்று, விசாவுக்கான பணச் சான்று. 2024 செப்டெம்பர் முதல் ஜேர்மனி மாணவர்களிடம் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ இருப்பதற்கான சான்றைக் கேட்கிறது. உங்கள் உதவித்தொகை 900 என்பதால் மாதம் 92 யூரோ குறைகிறது. ஐந்து மாதத்துக்கு 460 யூரோ, அதாவது 1,61,000 ரூபாய். உதவித்தொகைக் கடிதத்தோடு இந்த வித்தியாசத்தை முடக்கக் கணக்கொன்றில் இட்டுக் காட்டலாம். அந்தப் பணம் மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும் என்பதால் அது இழப்பல்ல, ஆனால் புறப்படும் முன் கையில் இருக்க வேண்டும். உங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று சித்தப்பா அங்குள்ள அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டாலும் இந்தச் சான்று நிறைவேறும். இருந்தாலும் 460 யூரோவுக்காக ஒரு உறவினரை ஆண்டுக்கணக்கில் சட்டப் பொறுப்பில் மாட்டிவிடுவது எனக்கு உவப்பானதல்ல.

மற்றது உங்கள் வீட்டுச் செலவு. சம்பளம் நிற்கும் ஐந்து மாதங்களுக்கும் மாதம் 40,000 ரூபாய் என்றாலும் 2 இலட்சம் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 11 இலட்சம். உங்களிடம் 7 இலட்சம் உண்டு. குறைவது 4 இலட்சமே, 15 இலட்சம் அல்ல.

அந்த 4 இலட்சத்துக்குச் சித்தப்பாவின் உதவியைப் பெறுங்கள், ஆனால் உண்டியலில் வேண்டாம். மூலம் காட்ட முடியாத ஒரு தொகை திடீரென உங்கள் கணக்கில் விழுந்தால், விசா அலுவலர் எழுப்பும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது; சட்டரீதியான பாதுகாப்பும் இல்லை. முதல் மாதத்துக்குரிய 1,250 யூரோவை இங்கிருந்து கொண்டுபோகாமல், அவர் அங்கேயே தரட்டும்: வைப்புப்பணத்தையும் வாடகையையும் விடுதிக்கு நேரடியாகக் கட்டிவிட்டு மிகுதியை உங்கள் கையில் தரலாம். யூரோவில் வாங்கிய கடனை யூரோவிலேயே, பயணத்தொகையும் முதல் தவணையும் கிடைத்தவுடன் திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டு தடவை நாணயம் மாற்றி இழக்கும் காசும் மிச்சம். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வரவு எந்த நாணயத்திலோ கடனும் அதே நாணயத்தில் இருந்தால் அந்தப் பயம் இல்லை. சொந்தக்காரர் என்றாலும் தொகையையும் திருப்பும் திகதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

சித்தப்பாவால் முடியாமற்போனால் வீட்டு நகையில் ஒரு பகுதியை அரச வங்கியில் அடகு வைக்கலாம். அரச ஊழியருக்குரிய இடர்கடனின் வட்டி குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதன் தவணை சம்பளத்தில் கழிக்கப்படுவது, உங்களுக்கோ அந்த மாதங்களில் சம்பளமே இல்லை. அடகில் மாதத் தவணை இல்லாததால் பயணத்தொகை வந்ததும் ஒரே தடவையில் மீட்டுவிடலாம்.

வயலைப் பற்றி இன்னொன்று. இரணைமடுத் திட்டக் காணிகள் பல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணிகள். உங்களுடையதும் அப்படியானால், பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியின்றி அதைத் தனியாருக்கு ஈடு வைக்க முடியாது. அப்படியிருந்தும் 15 இலட்சம் தர ஒருவர் முன்வருகிறார் என்றால், அவர் வெற்றுத்தாளில் கையெழுத்தும் அசல் பெர்மிட்டும் கேட்பார். பிறகு வயலில் யார் விதைப்பது என்பது உங்கள் கையில் இராது.

முதல் தவணை எப்போது கிடைக்கும் என்பது சில கடதாசிகளைப் பொறுத்தது. விடுதிக்காரர் நீங்கள் அங்கு குடியிருப்பதாக எழுதித் தரும் உறுதிப்படிவம் இன்றி நகர அலுவலகம் முகவரியைப் பதியாது. முகவரிப் பதிவு இன்றிப் பல வங்கிகள் கணக்குத் திறப்பதில்லை. கணக்கு இலக்கம் இன்றிப் பல்கலைக்கழகம் பணம் அனுப்பாது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவது சட்டப்படி கட்டாயம். ஆகவே புறப்படுமுன்னரே அந்தப் படிவத்தை விடுதியிடம் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். நகர அலுவலகத்தில் நேரத்தையும் இங்கிருந்தே முற்பதிவு செய்யுங்கள்.

காப்புறுதியில் உங்கள் வயது குறுக்கே நிற்கும். அங்குள்ள சட்டமுறை மருத்துவக் காப்புறுதியின் மாணவர் கட்டணம் 30 வயதோடு முடிவதால், நீங்கள் தனியார் காப்புறுதிதான் எடுக்க வேண்டியிருக்கும். விலையை மட்டும் பார்க்காமல், அந்தப் பத்திரம் மாணவர் விசாவுக்கு ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

பயணத்தொகையும் அதற்கு மேல் 62 யூரோவும் சித்தப்பாவுக்குப் போய்விட்டால் முதல் தவணையான 3,600 யூரோவில் 3,538 யூரோவும் முடக்கக் கணக்கின் 460 யூரோவும் இருக்கும். மீதி நான்கு மாதத்துக்கு மாதம் 750 யூரோ செலவானாலும் 998 யூரோ கையில் நிற்கும். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று ஒரு கடிதம் வந்தால் ஏமாற்று என்று எறிந்துவிடாதீர்கள், அது உண்மையானது. பகுதிநேர வேலையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; சட்டம் ஓரளவு இடம் தருகிறது, ஆனால் முதுமாணிப் படிப்பின் ஒரு பருவம் அதற்கு இடம் தராது.

கடைசி 20 சதவீதம், அதாவது 900 யூரோ, கற்றல் ஒப்பந்தத்தில் எழுதியபடி படித்ததற்கான ஆவணங்களையும் அறிக்கையையும் கொடுத்த பிறகே வரும். வருகைச் சான்றிதழிலுள்ள திகதிகளைப் பார்த்தே உதவித்தொகையைக் கணக்கிடுவார்கள் என்பதால், தம்பியின் பரீட்சைக்காக இரண்டு வாரம் முந்தித் திரும்பினால் அந்த நாட்களுக்குரிய பணம் குறையும்.

புறப்படுமுன் வீட்டுச் செலவுக்கான 2 இலட்சத்தையும் வேறொரு கணக்கில் இட்டு, மாதம் 25 ஆம் திகதி 40,000 ரூபாய் அம்மாவின் கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். சீட்டுக்காசு தாமதித்தால் இந்த 2 இலட்சத்தில் கை வைக்காதீர்கள், அதற்கும் நகையே இருக்கட்டும்.