அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கடல்நீர் மீன்தொட்டியிலுள்ள அக்ரோபோரா பவளம் சில வாரங்களாக நிறம் மங்கி வருகிறது. உப்புத்தன்மை, ஆல்கலினிட்டி (காரத்தன்மை), கால்சியம் எல்லாம் சரியாகவே உள்ளன. புழு எதுவும் கண்ணில் படவில்லை. இருந்தும் தட்டைப்புழுவாக இருக்குமா?

இருக்கலாம். புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே என்னும் இந்தப் புழு, தான் தின்ற பவளத் திசுவிலிருந்த பாசிகளைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருப்பதால், பவளத்தின் நிறத்தோடு நிறமாக ஒன்றிவிடுகிறது. நேருக்கு நேர் பார்த்தாலும் தெரியாது. எனவே புழுவை விட்டுவிட்டு அதன் தடயத்தைத் தேடுங்கள். கிளைகளின் அடிப்பகுதியிலும் வெளிச்சம் குறைவாக விழும் பக்கத்திலும் சிறு வட்டங்களாக வெளிறிய புள்ளிகள் இருந்தால், அவை பெரும்பாலும் கடித்த இடங்களே.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. வெள்ளை நிறக் கிண்ணத்தில் தொட்டி நீரையே எடுத்து, அதில் பவளத்தை வைத்து, ரப்பர் குமிழ் உள்ள உறிஞ்சுகுழலால் கிளைகளின் இடுக்குகளில் நீரை வேகமாகப் பீச்சுங்கள். கிழிந்த திசுத் துணுக்கு போன்ற ஏதோவொன்று கிண்ணத்தின் அடியில் விழும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது ஓரங்களை விரித்துக்கொண்டு நகரத் தொடங்கும்.

கேள்வி: மருந்து நீரில் முக்கி எடுத்ததும் புழுக்கள் உதிர்ந்தன, பவளமும் தெளிந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் மீண்டும் அதே நிலை. மருந்து சரியில்லையா?

மருந்தின் மீது குறையில்லை. அயோடின் கலவையானாலும், பைன் எண்ணெய் சேர்ந்த திரவங்களானாலும், டிப் என்று நாம் சொல்லும் இந்தக் குளியல் புழுவைத்தான் உதிர்க்கும். முட்டையை ஒன்றும் செய்யாது. பலரும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இப்புழு உயிருள்ள திசுவின் மேல் முட்டையிடுவதில்லை. திசு இறந்து வெறும் எலும்புக்கூடாகிவிட்ட பகுதியில், பழுப்புநிற மணிகளை நெருக்கமாக ஒட்டிவைத்தாற்போல முட்டைக்கூடுகளை இடுகிறது. ஒரு தொகுப்பில் 20 முதல் 26 கூடுகள் இருக்கும். ஒவ்வொரு கூட்டிலும் 3 முதல் 7 கருக்கள் வளரும். அவை பொரிய ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை ஆகலாம். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் விரைவாகவும், குளிர்ந்திருந்தால் தாமதமாகவும் பொரியும். 27 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து மீண்டும் முட்டையிடும் புழுவாவது வரையிலான முழுச் சுழற்சியும் 38 நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு முறை முக்கி எடுப்பது, அன்றைக்குக் கண்ணில் படும் புழுக்களை மட்டும் அகற்றுவதாகும்.

முதல் வேலையாக, முட்டை ஒட்டியிருக்கும் வெற்று எலும்புக்கூட்டுப் பகுதியை எலும்பு வெட்டும் இடுக்கியால் வெட்டி எறிந்துவிடுங்கள். சுரண்டி எடுப்பதைவிட இதுவே நம்பகமானது, ஏனெனில் பவளத்தின் நுண்துளைகளில் ஓரிரு கூடுகள் தங்கிவிடக்கூடும். உயிருள்ள கிளையைப் புதிய பிளக்கில் (பவளத் துண்டை ஒட்டிவைக்கும் சிறு அடிக்கட்டையில்) ஒட்டுங்கள்; பழைய பிளக்கைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். பிறகு வாரம் ஒரு முறை வீதம் குறைந்தது ஆறு வாரங்கள் டிப்பைத் தொடருங்கள். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன்பே உதிர்க்கப்பட வேண்டும் என்பதுதான் இந்த இடைவெளியின் நோக்கம். நான்காவது வாரத்தில் ஒரு புழுகூட விழாதபோது நிறுத்திவிடத் தோன்றும், தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இவ்வளவும் தனித்தொட்டியில் நடக்க வேண்டும். பிரதான தொட்டியில் அக்ரோபோரா ஒரு துண்டுகூட இல்லாமல் ஆறு முதல் எட்டு வாரங்கள் விட்டால், அங்கே பொரியும் குஞ்சுகள் இரையின்றி மடியும். பாறையோடு ஒட்டி வளர்ந்துவிட்ட பெரிய பவளத்தைப் பெயர்த்தெடுக்க மனம் வராது என்பதை நன்கறிவேன். ஆனால் அந்த ஒன்றை விட்டுவைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் பட்ட பாடு வீணாகும்.

கேள்வி: பவளங்களை எடுக்காமல், தொட்டி நீரிலேயே லெவமிசோல் என்னும் புழுக்கொல்லி மருந்தைக் கலக்கலாமா?

நான் பரிந்துரைப்பதில்லை. முட்டைகள் தப்பிவிடும்; மணலிலும் பாறையிலும் வாழும் பயனுள்ள புழுக்களோ பாதிக்கப்படும்.

கேள்வி: சிக்ஸ்லைன் ராஸ் மீன் வளர்த்தால் போதுமா?

அம்மீன் இப்புழுக்களைத் தின்பது உண்மைதான். அது புழுக்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க உதவும். ஆனால் கிளைகளின் உள்ளிடுக்குகளில் இருப்பவை அதற்கு எட்டாது. துணையாக வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சையாகக் கருதாதீர்கள். இந்த மீன் வளர்ந்தபின் சாதுவான சிறு மீன்களை விரட்டும் இயல்புடையது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணாடியிலும் மணலிலும் செம்பழுப்பு நிறத்தில், வால்போல நீட்சிகளுடன் நூற்றுக்கணக்கான சிறு புழுக்கள் ஊர்கின்றன. இவையும் பவளத்தைத் தின்னுமா?

நீங்கள் விவரிப்பது கன்வொலுட்ரிலோபா என்னும் வேறொரு புழு வகையாக இருக்கலாம். இவை பவளத்தைத் தின்பதில்லை. ஆனால் கூட்டமாகப் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துப் பவளத்தை நலிவடையச் செய்யும். இவற்றுக்குத் தொட்டியிலேயே மருந்திடுவது வழக்கம் என்றாலும் உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது: மொத்தமாகச் சாகும்போது இவற்றின் உடலிலிருந்து வெளிப்படும் நச்சு மீன்களையே கொல்லக்கூடும். எனவே மருந்திடுவதற்கு முன் சில நாட்கள் மெல்லிய குழாயால் இயன்ற அளவு புழுக்களை உறிஞ்சி வெளியேற்றிவிடுங்கள். மாற்றுவதற்கான உப்புநீரையும் நச்சை உறிஞ்சும் கரியான புதிய ஆக்டிவேட்டட் கார்பனையும் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள். மருந்திட்ட பின் தொட்டியை விட்டு அகலாமல், இறந்து மிதப்பவற்றை உடனுக்குடன் அகற்றுங்கள். மீன்கள் வேகமாக மூச்சு வாங்கினால் காத்திராமல் அப்போதே நீரை மாற்றிக் கார்பனைப் போட்டுவிடுங்கள்.