வாசலில் நின்று கேட்பது

அன்புள்ள ஐயா,

டெக்சஸில், டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு இரண்டு. மகள் ப்ரீஸ்கூல் போகத் தொடங்கியதிலிருந்து வீட்டில், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீன் பேச்சுதான். இதுவரை நாங்கள் கொண்டாடியதில்லை. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. வாசலில் அகல் ஏற்றி சீரியல் லைட் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுத் தெருப் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். எங்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. கடைசியில் என் கணவர் எல்லா விளக்கையும் அணைத்தார். மாடிக்குப் போய்விட்டோம்.

இந்த வருஷம் குழந்தைகளுக்காக எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம் என்று ஆசை. எப்படித் தொடங்குவது? நம் பண்பாடு விட்டுப்போகாமல் இருக்க மகளுக்கு ஔவையார் வேஷம் போடலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், பேய்ப் பண்டிகை வீட்டுக்கு ஆகாது என்கிறார். மிட்டாயில் விஷம், போதைமருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவதும் பயமாக இருக்கிறது. எங்கள் நண்பர்கள் குழு ஒரு பார்க்கிங் லாட்டில் கார் டிக்கிகளை அலங்கரித்து, அங்கேயே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க ஏற்பாடு செய்கிறது. அதுவே போதுமா? நாங்கள் சைவம் என்பதால் ஜெலட்டின் கவலையும் இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

ஜெலட்டினை முதலில் முடித்துவிடுவோம். பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். கம்மி வகைகளில் பெரும்பாலும் இருக்கும், சாதாரண சாக்லேட்டில் பெரும்பாலும் இருக்காது. இதற்கு எழுத்தாளன் எதற்கு?

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. தீபாவளி ராத்திரி, ஏற்றிய அகலை அணைத்துவிட்டு மாடிக்குப் போனீர்கள், அதுவும் வாசலில் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதற்காக. இதை எப்படி இவ்வளவு சாதாரணமாக எழுத முடிந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தட்டக் கூடாது. அந்தப் பிள்ளைகள் மரியாதை தெரிந்த பிள்ளைகள். உங்கள் விளக்கைச் சரியாகத்தான் படித்தார்கள். கொடுக்க எதுவும் இல்லையா? தீபாவளி வீட்டில்? முறுக்கு, அதிரசம், லட்டு ஒன்றுமேவா இல்லை? வீட்டில் செய்ததை அங்கே வாங்க மாட்டார்கள், உறை போட்டதுதான் செல்லும் என்பீர்கள். தெரியும். கதவைத் திறந்து, "மிட்டாய் இல்லை கண்ணுகளா, இன்றைக்கு எங்களுக்கும் பண்டிகை, விளக்கு எப்படி இருக்கிறது பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாமே. இல்லை என்று சொல்வதற்கும் ஒரு முகம் வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு விளக்கை அணைத்திருக்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்னை அடுக்ககங்களில் இதே வேலையை வாட்ச்மேனிடம் விட்டிருக்கிறோம்.

கொஞ்ச காலமாகவே இதைப் பற்றித்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நடுத்தர வர்க்கம் கொடுக்கப் பழகிவிட்டது. செல்போனில் இரண்டு தட்டு தட்டினால் நன்கொடை போய்ச் சேர்ந்துவிடும், ரசீதும் வந்துவிடும். கேட்கத்தான் மறந்துபோனது. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கப் போன வீட்டுக்காரிகள் இப்போது பத்து நிமிஷத்தில் தயிர் கொண்டுவரும் ஆப் வைத்திருக்கிறார்கள். யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதே கௌரவம் என்று ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறைதான் அமெரிக்கா போனது, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்பட.

ஆனால் நீங்கள் போய் இறங்கிய தேசத்தில் ஒரு பண்டிகையே கேட்பதற்காக இருக்கிறது.

பேய்ப் பண்டிகை என்கிற மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள். நவம்பர் 2, இறந்த ஆன்மாக்களின் நாள். நம் ஊரில் கல்லறைத் திருநாள் என்று சொல்வது அதைத்தான். தூத்துக்குடிப் பக்கம் புல் செதுக்கி, வெள்ளையடித்து, சாயங்காலம் மெழுகுவர்த்தி கொளுத்துவார்களே, அதே நாள். அதற்கு முந்திய புனிதர் திருநாளின் முன்னிரவுதான் ஹாலோவீன். அதற்கும் அடியில் அயர்லாந்தில், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சாவின் என்ற பழைய பண்டிகை இருக்கிறது. இங்கிலாந்தில் அந்த நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய்ச் சின்ன ரொட்டி கேட்பார்கள். கொடுத்த வீட்டில் செத்துப்போனவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்தில் வேஷம் போட்டு வரும் பிள்ளை சும்மா கை நீட்ட முடியாது. ஒரு பாட்டோ விடுகதையோ சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பூசணிக்காய் பின்னால் வந்தது. அயர்லாந்தில் குடைந்தது டர்னிப் கிழங்கை. அந்த நாட்டு மேயோ மாவட்டத்து அருங்காட்சியகம் ஒன்றில் பழைய டர்னிப் விளக்கின் அச்சு ஒன்றை வைத்திருக்கிறார்கள். சுருங்கிய கிழவன் முகம், பற்கள் துருத்திக்கொண்டு. படத்தில் பார்த்ததற்கே எனக்குத் தூக்கம் போயிற்று. குடியேறியவர்கள் அமெரிக்கா போனதும் பெரிதாகவும் குடைய எளிதாகவும் ஒரு காய் கையில் கிடைத்தது. நம்மூர் திருஷ்டிப் பூசணியோடு இதை முடிச்சுப்போட்டுக் கட்டுரை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை.

நீங்கள் பார்க்கும் மிட்டாய் ஹாலோவீனுக்கு வயது அதிகமில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ராத்திரி விடலைகளின் அட்டகாசமாக இருந்தது. கேட்டைக் கழற்றித் தூக்கிப் போவது, ஜன்னலில் சோப்புத் தேய்ப்பது, வண்டியைக் கூரை மேல் ஏற்றுவது. 1920இல் மினசோட்டாவில் அனோகா என்ற ஊர்க்காரர்கள், பையன்களின் கவனத்தைத் திருப்புவதற்காகவே ஊர்வலம் நடத்த ஆரம்பித்தார்கள். வம்பு வேண்டாம், இந்தா மிட்டாய் என்று வீட்டுக்காரர்கள் மெல்ல சமாதானத்துக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து கொஞ்சம் அடங்கியது. போர் முடிந்து புறநகர்கள் பெருகியபோது, முன்பின் அறியாதவர்கள் அடுத்தடுத்த வீட்டில் குடியேறிய தெருக்களில், இது வேகமாகப் பிடித்துக்கொண்டது. இப்போது நீங்கள் குடியிருப்பதும் அப்படிப்பட்ட தெருதானே?

எனக்கு இதெல்லாம் புரிவது குலசையால். எங்கள் ஊர் உடன்குடிக்குப் பக்கம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை கேட்டு வருவார்கள். காளி, குரங்கு, குறவன் குறத்தி, ராஜா, போலீஸ் என்று எத்தனையோ. வசூலானதைச் சூரசம்ஹாரத்துக்குள் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். ஒரு பைசா தனக்கு எடுக்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு காளி எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, கோரைப்பல்லையும் தொங்கும் நாக்கையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மோர் குடித்தது. கழுத்தில் நீலச் சாயம் வேர்வையில் வரி வரியாக இறங்கியிருந்தது. லாரி ஓட்டுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா அவரை "தாயே" என்று கும்பிட்டுத்தான் சொம்பைத் திரும்ப வாங்கினாள்.

ஆனால் நான் மறக்காதது காளியை இல்லை, பிச்சைக்காரனை. அந்த வேஷத்துக்கும் நேர்ச்சை உண்டு. எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர் ஒரு வருஷம் அதைக் கட்டினார். மாசக் கடைசியில் கடன் சொல்லப் போனால் அம்மாவை நிற்க வைத்தே மற்ற வாடிக்கையாளர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் நோட்டைத் திறப்பார். அவர் முகத்தில் கரி பூசி, கோணிச்சாக்கைப் போர்த்தி, நசுங்கிய அலுமினியச் சட்டியோடு எங்கள் படிக்குக் கீழே நின்று, "அம்மா, தர்மம் போடுங்க" என்றார். அம்மா பார்த்தாள். உள்ளே போனாள். அடுப்பில் இருந்ததை இறக்கினாள், கையைக் கழுவினாள், நிதானமாக முந்தானையில் துடைத்தாள். அவர் நின்றார். அப்புறம் சில்லறையைக் கொண்டுவந்து போட்டாள். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் கடையில் ஆள் பழையபடிதான், பாக்கியை உரக்கவே கேட்டார். வேஷம் கட்டினால் மனுஷன் திருந்திவிடுவான் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சில நாட்கள் அவர் எல்லா வாசலிலும் நின்றார், நிற்கிறவரை அம்மாவும் பார்த்தாள். இருவருக்கும் அது நடந்தது.

இப்போது உங்கள் பார்க்கிங் லாட்டுக்கு வருகிறேன். அந்த ஏற்பாட்டைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. டிக்கியைத் திறந்து வைத்து நிற்கப்போகிறவர்கள் யார்? உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற அதே குடும்பங்கள். போன வாரம் கொலுவுக்கு வந்தவர்கள், வருகிற வாரம் பிறந்தநாளுக்கு வரப்போகிறவர்கள். உங்கள் மகள் தெரிந்த மாமாவிடமிருந்து தெரிந்த அத்தையிடம் நடப்பாள். வாசல் இல்லை, அழைப்புமணி இல்லை, உள்ளிருந்து யார் வருவார்களோ என்கிற அந்த நெஞ்சுத் துடிப்பு இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு மைல் இருக்கும் கிராமத்திலும், நடைபாதையே இல்லாத சாலையோரத்திலும் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. உங்களுக்கு என்ன கேடு? அதே தெருவில் குடியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியுமா உங்களுக்கு? கடிதத்தில் நண்பர்கள் குழு வருகிறது, மாமியார் வருகிறார், வாட்ஸ்அப் வருகிறது, ஓர் அண்டைவீட்டுக்காரர் வரவில்லை.

விஷ மிட்டாய் பயம் முன்பே இருந்தது, அதை ஊதிப் பெருக்கிய கொலை நடந்தது உங்கள் டெக்சஸில்தான். 1974இல் ஹூஸ்டன் அருகே டியர் பார்க்கில் எட்டு வயதுப் பையன் சயனைடு கலந்த மிட்டாய்ப்பொடியைத் தின்று செத்தான். வைத்தது அவனைப் பெற்ற தகப்பன், இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. பழி வேறு யார் மேலாவது விழட்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்திருந்தான். நல்லவேளை, அவர்கள் தின்னவில்லை. 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுகளாக இப்படிப்பட்ட செய்திகளைத் தோண்டிப் பார்த்துவருகிறார். முகம் தெரியாத வீட்டில் வாங்கிய மிட்டாயால் ஒரு குழந்தை கொல்லப்பட்டதாக உறுதியான ஒரு வழக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த ராத்திரி பயப்பட வேண்டியது காருக்கு. தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்கு முகமூடி வேண்டாம், கண் மறையும். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் அதற்காகவும் பாக்கெட்டைப் படியுங்கள். மிட்டாய் அல்லாத பொருளும் எங்கள் வீட்டில் உண்டு என்பதற்கு நீலப்பச்சைப் பூசணியை வாசலில் வைக்கும் வழக்கம் 2014 முதல் அங்கே பரவியிருக்கிறது. பென்சில், ஸ்டிக்கர் வாங்கிவைத்து நீங்களும் ஒன்றை வைக்கலாம்.

ஔவையார் விஷயம். நாலு வயசுப் பிள்ளைக்கு நரைமுடி ஒட்டி, கோல் கொடுத்து, திருநீறு இட்டு அனுப்புவது அவளுக்காகவா, உங்கள் போட்டோவுக்காகவா? பண்பாட்டைச் சுமக்கும் வேலையை ஏன் வீட்டில் எல்லோரிலும் சின்ன ஆள் தலையில் ஏற்றுகிறீர்கள்? அவளிடம் கேளுங்கள், டைனோசர் என்பாள், குப்பை லாரி என்பாள். அதைச் செய்யுங்கள், அட்டைப் பெட்டி போதும். மேலும், ஆத்திசூடியில் 'ஏற்பது இகழ்ச்சி' என்று சொன்ன கிழவியின் வேஷத்திலேயே வீடு வீடாகப் பையை நீட்டுவது அந்தத் தெருவில் யாருக்கும் புரியாத நகைச்சுவை. அடுத்த வரியிலேயே 'ஐயமிட்டு உண்' என்றும் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் முதல் வரியைப் பிடித்துக்கொண்டால் இரண்டாவதற்கு ஆள் எங்கே கிடைப்பான்? அவளே கூழுக்குப் பாடியவள் என்று கதை சொல்கிறது ஊர்.

வழக்கம் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பெரிய பட்டியல் எதுவும் வேண்டாம். ஒரு சில வீடு போதும், இருட்டுவதற்கு முன்னால். முதல் வீடு எதிர்வீடாக இருக்கட்டும், ஒவ்வொரு வருஷமும் அதுவே முதல் வீடாக இருக்கட்டும். மணியை மகள் அடிக்கட்டும். நீங்கள் நாலடி பின்னால் நில்லுங்கள். அவள் வாய் திறக்காமல் நின்றாலும் நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள், எதிரில் இருப்பவர் காத்திருப்பார். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மாமியாரிடம் மிட்டாய்ப் பாத்திரத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆகாது என்று சொன்னவர் இருட்டுவதற்குள் ஒரு பிள்ளைக்கு இரண்டா மூன்றா என்று சட்டம் போட ஆரம்பித்துவிடுவார்.

ஒன்று மட்டும். திரும்பி வந்ததும் பையைக் கொட்டி, நல்லதைப் பொறுக்கி, மீதியை ஆபீஸுக்குக் கொண்டுபோகும் வேலையை அவளைக் கேட்காமல் செய்யாதீர்கள். தகப்பனுக்கு ஒன்று வேண்டுமென்றால் அவரும் அவளிடம் வந்து கேட்கட்டும்.