உருளைக்கிழங்கு ஹாஷ்: ஒட்டுவதும் கருகுவதும் நிற்க

வணக்கம் தண்டையார்பேட்டை நண்பரே. இரும்பு வாணலியில் செய்யும் ஹாஷ் (சிறு துண்டுகளாக நறுக்கிய உருளைக்கிழங்கை மொறுமொறுவென வறுப்பது) அடியில் ஒட்டுகிறது, உள்ளே வேகும்முன் கருகுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கிழங்கை ஃப்ரிட்ஜில் வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கருகுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். குளிரில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும், அது சூட்டில் சீக்கிரம் கருகும். வெளியே கூடையில் வையுங்கள்.

அரை அங்குலத் துண்டாக நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசி, உப்புத் தண்ணீரில் 5 நிமிடம் மட்டும் வேகவிடுங்கள். வடித்ததும் துணியில் பரப்பி ஃபேனுக்கடியில் உலர்த்துங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. வாணலி நன்றாகச் சூடான பிறகு எண்ணெய் விட்டு, ஒரே அடுக்காகப் போட்டு, கிளறாமல் விடுங்கள். பொறுமை முக்கியம், அடி சிவந்தால் தானாகவே விட்டுவரும். வெங்காயம், குடைமிளகாய் அப்புறம்தான். கடைசியில் முட்டை உடைத்து ஊற்றி மூடுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம்தானே, சின்ன இறாலைத் தனியாக வதக்கிச் சேர்த்தால் அருமையாக இருக்கும்.