கனமில்லாத சூழல் கல்வித் தளம்: கேள்விகளும் பதில்களும்

சூழல் கல்விக்காக இணையதளம் தொடங்கும் ஆசிரியர்களும் வடிவமைப்பாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, பள்ளிச் சூழல் மன்றத்துக்குத் தளம் தொடங்குகிறோம். முதலில் எதை முடிவு செய்வது?

எடையை. லோகோ, நிறம் எல்லாம் அப்புறம். ஒரு பக்கம் திறக்க எத்தனை கேபி இறங்கலாம் என்று முதலிலேயே ஒரு வரம்பு எழுதி வையுங்கள். 2024 கணக்குப்படி, கணினியில் திறக்கும் இணையதள முகப்புப் பக்கங்களில் பாதி சுமார் 2.6 எம்பிக்கு மேல். கல்வித் தளத்துக்கு நான் வைக்கும் வரம்பு 500 கேபி. ஒரு பாடத்தின் எழுத்து மட்டும் என்றால் சில பத்து கேபியில் அடங்கிவிடும். மீதியெல்லாம் படம், எழுத்துரு, ஜாவாஸ்கிரிப்ட், வந்து போகிறவர்களை வேவு பார்க்கும் நிரல்கள். வரம்பு இருந்தால்தான், முகப்பில் படங்கள் மாறி மாறி நகரும் ஸ்லைடர் வேண்டும் என்று யாராவது கேட்கும்போது "எதை எடுத்துவிட்டு அதை வைப்பது?" என்று கேட்க முடியும்.

நல்ல முன்மாதிரி இருக்கிறதா?

பார்சிலோனாவிலிருந்து வரும் லோ-டெக் மேகசின் என்ற இணைய இதழ். 2018இல் பால்கனியில் ஒரு சூரியத் தகடு வைத்து, அதில் ஓடும் சிறு சர்வருக்குத் தளத்தை மாற்றினார்கள். பல நாள் மேகமூட்டமாக இருந்து பேட்டரி தீர்ந்தால் தளமும் நின்றுவிடும். அதை அவர்கள் மறைக்கவில்லை. பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று பக்கத்தின் பின்னணி நிறமே காட்டும். லோகோவுக்குப் படக்கோப்பு கிடையாது; பெயரைத் தட்டச்சு செய்து, நடுவில் வரும் சிறுகோட்டுக்குப் பதில் இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி போட்டார்கள். எழுத்துருவும் உலாவியில் ஏற்கெனவே இருப்பதுதான். படங்களை டிதரிங் முறையில், பழைய செய்தித்தாள் படம்போலப் புள்ளிகளாக்கினார்கள். பக்க எடை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கானது. அந்தப் புள்ளிப் படத்தைப் பார்த்தாலே எந்தத் தளம் என்று தெரிந்துவிடும். சிக்கனத்துக்காக எடுத்த முடிவுகளே அவர்களுக்கு அடையாளமாகிவிட்டன. நான் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதுதான்.

ஆனால் டிதரிங்கை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஏவிஐஎஃப் என்ற புதிய கோப்பு வடிவில் நன்றாகச் சுருக்கிய வண்ணப் படம் பல நேரம் அதைவிடச் சிறிதாக இருக்கும். பறவையையும் வண்ணத்துப்பூச்சியையும் அடையாளம் காணச் சொல்லித்தரும் பக்கத்தில் நிறம் இல்லாமல் என்ன பாடம்?

பிராஞ்ச் என்ற இணைய இதழையும் பாருங்கள், 2020இல் தொடங்கியது. மின்கட்டத்தில் நிலக்கரி, எரிவாயு மின்சாரம் கூடியிருக்கும் நேரத்தில் படத்தை மறைத்து, அதன் விளக்கத்தை மட்டும் காட்டும். வேண்டுமென்றால் படத்தைத் திறந்துகொள்ளலாம்.

இலை, பூமி உருண்டை, பச்சை நிறம்: இதைத் தாண்டி லோகோவே வராதா?

வரும். உங்கள் ஊர் ஏரியின் எல்லைக்கோடு, மாணவர்கள் வரைந்த ஒரு விதை, ஏன், வெறும் பெயர்கூடப் போதும். எஸ்விஜி கோப்பாக (படத்தைப் புள்ளிகளாக அல்ல, கோடுகளாகச் சேமிப்பது), ஒரே நிறத்தில், சில வளைவுகளில் வரைந்தால் ஓரிரு கேபிதான் ஆகும். துண்டறிக்கையில் ஒரே மையில் அச்சடிக்கலாம், ரப்பர் ஸ்டாம்பாகவும் செய்துகொள்ளலாம். கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறுவது), நிழல் இல்லாமல் நிற்காத லோகோவை நான் ஏற்பதில்லை.

தமிழ் எழுத்துருக்கள் கனமாக இருக்கின்றனவே, என்ன செய்வது?

இறக்கவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என் ஏற்கெனவே உள்ளன. பாடப்பகுதிக்கு அவையே போதும். தலைப்புக்கு மட்டும் தனி எழுத்துரு வேண்டுமானால் ஒரே தடிமனில் எடுத்து, வாஃப்2 என்ற சுருக்கிய இணைய எழுத்துரு வடிவில், வேண்டாத எழுத்துகளை நீக்கிப் போடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: அப்படி வெட்டும்போது எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளும் போய்விட்டால் கு, டு, லி எல்லாம் உடைந்து தெரியும். வெட்டிய பிறகு உயிர்மெய் வரிசை முழுவதையும் பழைய போன் ஒன்றில் திறந்து பாருங்கள்.

இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் போகிறதே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சர்வரில் பிராட்லி அல்லது ஜிஜிப் சுருக்கத்தை இயக்குங்கள், அது பெரிய சுமையாக இருக்காது.

டார்க் மோட் போட்டால் மின்சாரம் மிச்சமாகுமா?

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தபோது சேமிப்பு 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில்தான் 39 முதல் 47 வரை போனது. வாசகர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

வீடியோ பாடங்கள்?

தானாக ஓட விடாதீர்கள். முதலில் ஒரு சிறு படம் மட்டும் இருக்கட்டும், தொட்டால் பிளேயர் இறங்கட்டும்.

"கார்பன் நியூட்ரல் தளம்" என்று பட்டை போடலாமா, மேடம்?

கூடாது. பக்க எடையை வைத்துக் கரிமத்தைச் சொல்லும் கருவிகள் தருவது மதிப்பீடு. உங்கள் பழைய பக்கத்தோடு புதியதை ஒப்பிட அது உதவும், விளம்பரத்துக்கு உதவாது. இந்தியாவில் 2024 அக்டோபரில் வந்த பசுமைப்பூச்சு (சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டிக்கொள்வது) தடுப்பு வழிகாட்டுதல்கள், வணிக விளம்பரங்களில் ஆதாரமில்லாத சூழல் வாசகங்களைத் தடுக்கின்றன. சூழலைச் சொல்லித்தரும் நாம் வணிகர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும். "இந்தப் பக்கம் 310 கேபி" என்று அடியில் எழுதுங்கள், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

டேட்டா சென்டர்கள் விழுங்கும் மின்சாரத்துக்கு முன் நம் சின்னத் தளம் எம்மாத்திரம்?

அயர்லாந்தில் 2023இல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. உங்கள் தளம் அதைக் குறைத்துவிடாது, அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரிமத்தில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. அதனால் பழைய போனை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடிவதே பெரிய லாபம். கனமான தளங்கள் அந்தப் போனை உதவாததாக்கிவிடுகின்றன. உங்கள் மாணவர்களின் வீடுகளில் இருப்பதிலேயே பழைய போனைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று. அதில் பாடம் திறந்தால் வெளியிடுங்கள்.