கேள்வி நேரம்: எழுத்தும் பொழப்பும்

கேள்வி: சார், ஐடி கம்பெனில வேலை பாக்குறேன். கொஞ்சம் சிறுகதை பத்திரிகைல வந்திருக்கு. வேலைய விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு பாக்குறேன், வீட்ல தினமும் சண்டை. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: நான் உங்க வீட்டுக்காரங்க கட்சி தம்பி, கோவிச்சுக்காதீங்க. தமிழ்ல பேர் வாங்கினவங்க நிறைய பேர் வேற ஒரு பொழப்ப பாத்துக்கிட்டேதான் எழுதினாங்க. சுந்தர ராமசாமி நாகர்கோவில்ல ஜவுளிக்கடை நடத்தினார், தோப்பில் முகமது மீரானுக்கு மிளகா வத்தல் வியாபாரம், லா.ச.ரா பேங்க்ல இருந்தார், நாஞ்சில் நாடன் பம்பாய் கம்பெனிக்காக ஊர் ஊரா அலைஞ்சவர், ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவுல கடை போட்டு உக்காந்திருந்தார், அந்தத் தெருவையேதான் கதை கதையா எழுதவும் செஞ்சார். கடைக்கு வந்து போற சனத்த தினம் பாத்துக்கிட்டே இருந்தவருக்கு கதைக்கு வேற எங்க போகணும் சொல்லுங்க.

அசோகமித்திரன் கதை இன்னும் சுவாரசியம். 1952ல இருந்து 1966 வரைக்கும் ஜெமினி ஸ்டுடியோல வேலை. பேப்பர்ல வர்ற செய்திய எல்லாம் வெட்டி ஃபைல் போடணும், அவ்வளவுதான். பாக்குறவங்களுக்கு மனுஷன் சும்மா உக்காந்து பேப்பர் கிழிச்சிட்டிருக்கிற மாதிரி தெரியும், அதனால வர்றவன் போறவன் எல்லாம் உள்ள புகுந்து அவருக்கு அட்வைஸ் பண்ணிட்டுப் போவானாம். அவனுங்கள எல்லாம் அவர் கவனிச்சிட்டுதான் இருந்திருக்கார். ‘கரைந்த நிழல்கள்’ படிச்சுப் பாருங்க, சினிமாவுக்குப் பின்னாடி நிக்கிற மனுஷங்கள அப்படி வேற யாரும் எழுதல, இது என் அபிப்பிராயம். ஆனா அந்த வேலைய விட்டதுக்கு அப்புறம் பணத்துக்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, அதையும் சேத்துப் பாத்துட்டு முடிவெடுங்க. ஆபீஸ்ல உங்க பக்கத்து சீட்டுல ஒருத்தர் இருப்பார்ல, மொதல்ல அவரப் பத்தி எழுதுங்க.

கேள்வி: பாரதி, புதுமைப்பித்தன் எல்லாரும் வறுமைல வாடினாங்க. அப்போ கஷ்டப்பட்டாதான் நல்ல எழுத்து வருமா அண்ணே?

பதில்: இந்தப் பேச்சக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பாரதி போனது 1921ல, 39 வயசு கூட முடியல. புதுமைப்பித்தன் 1948ல காசநோய்ல போனார், வயசு 42. கொஞ்ச வருஷத்துக்குள்ள அவ்வளவு கதைய எழுதிக் குவிச்ச மனுஷன் இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தா என்னென்ன எழுதியிருப்பார்னு யோசிச்சா வயிறு எரியுது. வறுமை அவருக்கு எதையும் குடுக்கல, நமக்கு வரவேண்டியதத்தான் பிடுங்கிட்டுப் போச்சு. இத பெருமையா மேடைல பேசுறவங்க முக்கால்வாசி பேர் வயிறார சாப்பிட்டுட்டு வந்து பேசுறவங்கதான்.

கேள்வி: நான் எட்டாவதோட நின்னவன், வயசும் நாப்பது ஆகப்போகுது. எழுத ஆசை இருக்கு, ஆனா கூச்சமா இருக்கு. சிரிப்பாங்களோ?

பதில்: ஜெயகாந்தன் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த விட்டவர். கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸ்ல வளர்ந்து, அச்சகத்துல வேலை பாத்து, அங்க இருந்து ஞானபீடம் வரைக்கும் போனார். கி.ராவ எடுத்துக்குங்க, கரிசல் காட்டு விவசாயி, மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அங்கயும் மழையத்தான் பாத்துட்டிருந்தேன்னு தன்னையே கிண்டல் பண்ணுவார். முதல் கதை பத்திரிகைல வரும்போது அவருக்கு முப்பத்தஞ்சு வயசு பக்கம். அப்புறம் அவங்க ஊர்ப் பேச்சுக்குன்னு தனியா அகராதியே தொகுத்தார், 1991ல சாகித்ய அகாடமி வாங்கினார், பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல பேராசிரியரா வேற உக்காந்தார். கூச்சத்த ஓரமா வச்சிட்டு நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே எழுதிப் பாருங்க, சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போகட்டும்.

கேள்வி: நான் எழுதுறது வீட்ல யாருக்கும் பிடிக்கல சார். நோட்டக் கூட ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு. இப்படி எத்தன நாள்?

பதில்: இதுக்கு சட்டுனு பதில் சொல்ல எனக்கு வாய் வரலம்மா. சல்மாவோட கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பருவம் வந்ததும் பள்ளிக்கூடம் நின்னு போச்சு, வீட்டுக்குள்ளயே இருக்கணும், கல்யாணத்துக்கு அப்புறம் யாருக்கும் தெரியாம ராத்திரில, பாத்ரூம்ல நின்னுக்கிட்டு எல்லாம் கவிதை எழுதினாங்க. எழுதின தாள வீட்ட விட்டு வெளிய கொண்டு போய் சேத்தது அவங்க அம்மா. சல்மாங்கிறதே ஊருக்குத் தெரியாம இருக்கட்டும்னு வச்சுக்கிட்ட புனைபெயர்தான். பின்னாடி பேரூராட்சித் தலைவர் ஆனாங்க, 2004ல ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்துச்சு, 2025ல ராஜ்யசபா எம்.பி. சல்மாவோட அம்மா மாதிரி ஒரே ஒரு ஆள் உங்களுக்கும் யாராவது இருக்காங்களான்னு பாருங்க, அக்காவோ பழைய சிநேகிதியோ யாரா இருந்தாலும் சரி, நோட்டு அவங்ககிட்ட இருக்கட்டும்.

வை.மு. கோதைநாயகிக்கு ஆரம்பத்துல எழுதவே சரியா வராது, அவங்க சொல்லச் சொல்ல முதல் நாடகத்த எழுதிக் குடுத்தது ஒரு தோழிதான். அப்புறம் நூத்துக்கும் மேல நாவல், ‘ஜகன்மோகினி’ பத்திரிகைய வேற எடுத்து நடத்தினாங்க. ராஜம் கிருஷ்ணனுக்கு பதினஞ்சு வயசுல கல்யாணம், அவங்கதான் பின்னாடி தூத்துக்குடி உப்பளத்துக்கே போய்ப் பாத்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினாங்க.

கேள்வி: சயின்ஸ் படிச்சவங்களுக்கு இலக்கியம் வருமா?

பதில்: சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல எஞ்சினியர், ஓட்டு மெஷின உருவாக்கினதுல அவருக்குப் பங்கு உண்டு. அடுத்த கேள்வி.

கேள்வி: நிறைய எழுதினாதான் பேர் நிக்குமா?

பதில்: ப. சிங்காரம் எழுதினது ரெண்டே நாவல். சின்ன வயசுல இந்தோனேசியாவுக்குப் பொழைக்கப் போனவர், திரும்பி வந்து மதுரைல தினத்தந்தில வேலை பாத்துக்கிட்டு ஒய்.எம்.சி.ஏ. ரூம்ல தனியாவே காலத்த ஓட்டினார். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடிச்சு அச்சுக்கு ஆள் கிடைக்காம ரொம்ப வருஷம் கிடந்து 1972லதான் புத்தகமா வந்துச்சு, வந்தப்பவும் பெருசா யாரும் கண்டுக்கல. அவரும் அதுக்கு மேல எழுதல. இன்னிக்கு தமிழ் நாவல் லிஸ்ட் யார் போட்டாலும் அது இல்லாம போட முடியாது.

கேள்வி: பதிப்பகம் எல்லாம் கைய விரிச்சிட்டாங்க. நானே சொந்தமா புக் போடலாமா?

பதில்: தாராளமா போடுங்க, ஆனா விக்கிறதும் நீங்கதான்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகை நடத்தி, புத்தகமும் தானே போட்டு, அந்த மூட்டையத் தானே தூக்கிட்டு காலேஜ் காலேஜா போய் வித்தார். ‘சுதந்திர தாகம்’ நாவல் மூணு பாகம், அதையும் 1997ல சொந்தமாத்தான் கொண்டு வந்தார், அப்போ வயசு எண்பத்தஞ்சு இருக்கும். அடுத்த வருஷமே போயிட்டார், சாகித்ய அகாடமி 2001லதான் குடுத்தாங்க. அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பிழை திருத்த மட்டும் வேற ஒருத்தர்கிட்ட குடுங்க, நீங்க அனுப்பின சாம்பிள் பக்கத்துல ஒற்றுப் பிழை எக்கச்சக்கம்.